கையோடு வந்த கையுறை

வெளிநாட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நேர்முகத் தேர்வுக் கதை ஒன்று இருக்கும். அநேகமாக அந்தக் கதையின் கடைசியில் வேலை கிடைத்துவிடும், அதனால்தான் சொல்கிறார்கள். என்னுடைய கதையில் அப்படி எதுவும் நடக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தின் மேற்கே ரானுயியில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் டொக்டர். நியூசிலாந்து எங்களை உள்ளே எடுத்ததே என் பட்டத்துக்குப் புள்ளி போட்டுத்தான். (பட்டத்தைக் கைகொடுத்து வரவேற்றார்கள். டொக்டரை மட்டும் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார்கள்.) வந்து இறங்கிய பிறகு, இங்கே வைத்தியம் பார்க்க ஒரு சோதனை, அந்தச் சோதனை எழுத இன்னொரு சோதனை, இரண்டும் பாஸ் பண்ணினாலும் ஆசுபத்திரியில் இடம் இருக்க வேண்டும் என்றார்கள். இடம் இல்லை என்பதை மட்டும் எந்தச் சோதனையும் வைக்காமல் உடனே சொன்னார்கள்.

இவர் கொழும்பில் கணக்காளர். (என் கணவரை நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை, இந்தக் கட்டுரையிலும் 'இவர்'தான்.) இங்கே ஒரு பாண் பேக்கரியில் இரவு வேலை. மகள் ஆரணி கைக்குழந்தையாக இங்கே வந்தவள், மூன்று வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

எங்களுக்கு முன்னால் வந்து பிளாக்ஹவுஸ் பேயில் வீடு வாங்கி, மோட்கேஜ் பற்றி மூச்சுவிடாமல் கதைக்கக்கூடிய நிலைக்கு உயர்ந்திருந்தவர் குலம் அண்ணை. இவருடைய கூட்டாளி. என் சி.வி.யை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, அந்த எம்.பி.பி.எஸ்ஸ முதல்ல வெட்டும். டொக்டர் எண்டு போட்டா ஒருத்தரும் வேலை தரமாட்டாங்கள். பயப்பிடுவாங்கள்."

"அதை வெட்டினா மிச்சம் என்ன அண்ணை இருக்கும்?"

"பேர் இருக்குந்தானே."

வெட்டினேன். பேரும் பள்ளிக்கூடப் படிப்பும் மட்டும் மிஞ்சிய சி.வி.க்கு, ஆல்பனியில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. பராமரிப்பாளர் வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டிவிடுவது. எத்தனையோ இடத்துக்கு எழுதிப்போட்டு வந்த முதல் அழைப்பு. எம்.பி.பி.எஸ்ஸால் முடியாததை அதன் இல்லாமை செய்துகாட்டியது. குலம் அண்ணை வெற்றிப் புன்னகையோடு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கையுறையைத் தந்தவரும் அவர்தான். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிற கையுறை. வெளியே தண்ணீர் புகாத நீலத் துணி, உள்ளே மெத்தென்ற கம்பளி. கையை உள்ளே விட்டால் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குத் தண்டு இருக்கும். விரல் நுனிப் பக்கம் பனியைச் சுரண்ட ஒரு பிளாஸ்டிக் தகடு, மறுபக்கம் தண்ணீரை வழிக்க ஒரு ரப்பர் பட்டி. அண்ணையின் வீடு கடலோரம். அங்கே பனி உறைவதில்லை. ஆகவே தனக்கு யாரோ தந்த பரிசை எங்களுக்குப் பரிசாக்கிவிட்டார்.

நேர்முகத்தன்று காலையில் ரானுயி முழுவதும் வெள்ளையாக இருந்தது. புல்லில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். வேலை முடிந்து வந்த இவர், நான் கிளம்ப வேண்டுமே என்று கார்க் கண்ணாடியைச் சுரண்டப் போயிருக்கிறார். தகடு தண்டோடு சேருகிற இடத்தில் ஆடியிருக்கிறது. மகளின் விளையாட்டுச் சாமானை ஒட்ட, டெயரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடையில் வாங்கிய சூப்பர் குளூ வீட்டில் இருந்தது. அதைக் கையுறைக்குள் தாராளமாக ஊற்றி, தகட்டை அழுத்திவிட்டு, கையுறையைக் காரின் மேல் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். (கேட்காமல் உதவி செய்வது அவருடைய சுபாவம். கேட்டால் செய்யமாட்டார்.)

நான் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக வெளியே வந்து, வலது கையை உள்ளே விட்டுத் தண்டை இறுகப் பிடித்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினேன். பனி அழகாகச் செதில் செதிலாக விழுந்தது. உள்ளே கை லேசாகச் சூடேறியது. அந்தப் பசை கம்பளியில் பட்டால் சூடாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் என் கையை இதமாகப் பிடித்த முதல் பொருள் இதுதான் என்று நினைத்தேன். கண் கலங்கக்கூடச் செய்தது. பிறகு சூடு கூடியது. பிறகு சுட்டது. கழற்றப் பார்த்தேன். கழலவில்லை. விரல்கள் தண்டைச் சுற்றி மடங்கியபடியே ஒட்டிப்போயிருந்தன.

உள்ளே ஓடிப்போய் இவரை எழுப்பினேன்.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள என்ன செய்தனீங்கள்?"

"தகடு ஆடிச்சுது. ஒட்டிவிட்டனான்." கண் திறக்கவில்லை. "இறுகிட்டுதே?"

"ஓம். நல்லா இறுகிட்டுது."

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். இழுத்தார். தோலோடு வந்துவிடும் போலிருந்தது. சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரில் ஊறவிட்டால் மெல்ல விடும் என்று டொக்டராக எனக்குத் தெரியும். அதை அவருக்கு விளக்கினேன். அவர் ஊற்றினார். ஆனால் தண்ணீர் புகாத துணிக்குள் ஊற்றிய தண்ணீர், குடத்தில் நிற்கிற மாதிரி மேலேயே நின்றது. பசை இருந்த இடத்துக்குப் போகவில்லை. கையைத் தூக்கியதும் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ஆரணி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி, இஸ் இட் எ பப்பெட்?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஃபோன் செய்து இன்னொரு நாள் கேட்டிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். முதல் அழைப்பைத் தள்ளிப்போட்டால் இரண்டாவது வராது என்பது அன்றைக்கு வேலையில்லாமல் இருந்தவளுக்குத்தான் தெரியும்.

"போய் உள்ளதைச் சொல்லும்," என்றார் இவர். "அவையும் மனுசர்தானே."

எங்கள் பழைய ஜப்பான் காரில் கியர் மாற்றுகிற வேலை இல்லாதது ஒரு புண்ணியம். ஆனால் திரும்பும் விளக்குப் போடுகிற தடி வலப்பக்கம். கையுறை அதைத் தட்டித் தட்டி, ஆல்பனி வரைக்கும் நான் இடமும் வலமும் திரும்பப்போவதாக மாறி மாறி அறிவித்தபடியே போனேன். பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். மன்னிப்புக் கேட்கக் கையைத் தூக்கினேன். நீலக் குத்துச்சண்டைக் கை ஒன்று ஜன்னலில் எழுவதைப் பார்த்து அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

இல்லத்தின் மனேஜர் ஹெலன் என்ற பெண். நல்லவர். கைகொடுக்க வந்தவர் என் வலது கையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, தன் இடது கையை நீட்டினார். வீட்டில் இவர் சொன்னபடி உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த ஆங்கிலம் இவ்வளவுதான்: "இது கழலாது."

ஹெலனின் முகம் மாறியது. குரல் தாழ்ந்தது. "எனக்கு விளங்குகிறது. நீங்கள் ஒன்றும் விளக்கத் தேவையில்லை."

எங்கள் நாட்டில் யுத்தம் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே கை இல்லை என்று நினைத்துவிட்டார். அவ்வளவு மரியாதையோடு ஒருவர் இரக்கப்படும்போது, "இல்லை, சூப்பர் குளூ" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

முதியவர்கள் இருக்கும் மண்டபத்துக்குப் போகுமுன் எல்லோரும் கை கழுவ வேண்டும். அது அங்கே சட்டம். நல்ல சட்டம், நானே மருத்துவத் தாதிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள். சத்திரசிகிச்சைக்கு முன் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பெண், அன்று தொட்டியின் முன் நின்று ஒரு நீலக் கையுறைக்குச் சவர்க்காரம் போட்டாள். தண்ணீர் கண்ணாடியிலும் தெறித்துவிட்டது. துடைக்க எதையும் தேடவில்லை. கையை அப்படியே கண்ணாடியில் வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. ரப்பர் பட்டி ஒரு சொட்டு விடாமல் வழித்தது. அன்று முழுவதும் நான் சரியாகச் செய்த ஒரே வேலை அது. ஹெலன் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மண்டபத்தில் டொரத்தி என்ற மூதாட்டி என்னைக் கண்டதும் கையுறையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நினைவு தப்பியவர். அதைப் பூனை என்று எண்ணித் தடவிக்கொடுத்தார். "சாப்பிட்டதா?" என்று என்னிடம் கேட்டார். "சாப்பிட்டது," என்றேன். காலையிலிருந்து நான்தான் சாப்பிடவில்லை. கையை உருவ முடியாமல் அவர் பக்கத்தில் குனிந்தபடி நின்றேன். நாட்கணக்கில் யாரோடும் கதைக்காதவர் இன்று கதைக்கிறார் என்று ஒரு தாதி வியந்தார். வேலை கிடைத்துவிடும் போலிருந்தது.

பிறகு அலுவலக அறை. ஹெலன் என் சி.வி.யைப் புரட்டினார். புரட்ட அதிகம் இல்லை.

"பள்ளிக்கூடம் முடித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி இருக்கிறதே. அந்த வருடங்களில் என்ன செய்தீர்கள்?"

அந்த வருடங்களில் நான் மருத்துவம் படித்தேன். மின்சாரம் இல்லாத ஆசுபத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை பிறக்கவைத்தேன். மயக்க மருந்து முடிந்த நாட்களில் காயத்துக்குத் தையல் போட்டேன். ஒருத்தரும் என்னிடம் எந்த நாட்டு அனுபவம் என்று கேட்கவில்லை.

"வீட்டில் இருந்தேன்," என்றேன்.

ஹெலன் தலையசைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கு நல்ல மனம் இருக்கிறது. ஆனால் இது ஆட்களைத் தூக்குகிற வேலை. இரண்டு கையும் வேண்டும்."

இரண்டு கையும் இருக்கிறது என்று அப்போதுதான் உடைத்துச் சொன்னேன். கணவர், தகடு, பசை, எல்லாம். ஹெலன் கையுறையைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரச் சிரித்தார். தாதியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். சமையல்காரர் வந்தார். அவருக்கும் சொன்னேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நியூசிலாந்து அனுபவம் உள்ள ஒருவரைத்தான் தேடுகிறோம் என்றார். (முதுகு தேய்க்க இந்த நாட்டு அனுபவம் தனியாக வேண்டும் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.) வாசல்வரை வந்து, ஆசுபத்திரிக்குப் போய்க் கையைக் காட்டும்படி அன்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, இவரையும் ஆரணியையும் ஏற்றிக்கொண்டு போனேன். இந்த நாட்டில் ஒரு பெரிய ஆசுபத்திரிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். எந்த வாசலால் உள்ளே போகலாம் என்று இத்தனை காலம் தேடியிருக்கிறேன். அவசரப் பிரிவு வாசல் திறந்தேதான் இருந்தது.

இளம் டொக்டர் ஒருவர் வந்தார். மீசை இன்னும் சரியாக வரவில்லை. கத்தரியால் துணியை வெட்டி, மருந்து விட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். மோசமில்லை, நானாக இருந்தால் பெருவிரலை முதலில் எடுத்திருப்பேன். எடுத்தபடியே எனக்கு விளக்கினார். நிறுத்தி நிறுத்தி, காது கேளாதவருக்குச் சொல்கிற மாதிரி.

"இது ஸ்கின். ஸ்கின். அதில் அடுக்குகள் உண்டு. மேலே உள்ள அடுக்குத்தான் போயிருக்கிறது. பயப்பட வேண்டாம். விளங்குகிறதா?"

"விளங்குகிறது."

இவருக்குப் பொறுக்கவில்லை. "அக்சுவலி, மை வைஃப் இஸ் எ..." என்று தொடங்கினார். காலை நன்றாக மிதித்தேன். தோல் உரிந்து சிவந்து, தண்டைப் பிடித்த வாக்கிலேயே மடங்கிக் கிடக்கும் கையைக் காட்டி 'இவ ஒரு டொக்டர்' என்று சொல்லப்படுவதைவிட, பேசாமல் ஸ்கின் பாடம் கேட்டுவிட்டுப் போகலாம்.

கடைசி விரலும் விடுபட்டது. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல விரல்கள். பத்திரமாக வைத்திருங்கள்," என்றார்.

"தேங்க் யூ, டொக்டர்," என்றேன். அந்தச் சொல்லை இந்த நாட்டில் ஒரு ஆசுபத்திரிக்குள் நான் உச்சரித்த முதல் தடவை. இன்னொருவரைப் பார்த்து.

சோதனைகளின் விதிகள் பிறகும் மாறின. நான் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். நோகாமல் எடுக்கிறேன் என்று ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். எப்படிப் பழகினீர்கள் என்று கேட்பார்கள். ட்ரெயினிங் தந்தார்கள் என்பேன்.

குலம் அண்ணை ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்வார். வருடத்துக்கு வருடம் கையுறை வளர்ந்து, இப்போது தோள்வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கம் நிலைத்துப்போனது. நேர்முகத்துக்குப் போகிற எவரும் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். ஆரணி தன் முதல் நேர்முகத்துக்குக் கிளம்பியபோதும் இவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அவள் சிரித்தபடி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"ஆல் க்ளியர், அப்பா. ஐ'ம் கோயிங் டு பி லேட்."

கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உம்மட கையையும் காட்டும் பாப்பம்."

காட்டினேன். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஒட்டினது எல்லாம் போயிட்டுது," என்றார்.

"ஓம்," என்றேன். "எல்லாம் போயிட்டுது."