ராசா கேட்டாலும் சொல்லாத பேர்

“உன் புருஷன் பேரு என்னம்மா?”

ஏட்டையா மறுபடியும் கேட்டார். பாப்பாயி மறுபடியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“பேரச் சொன்னாத்தானே நான் எழுத முடியும்? உன் புருஷன் சைகோனுக்குப் போகணுமா, வேண்டாமா?”

“போகோணுமுங்க. எனக்கென்ன தடை? மவராசனாப் போயிட்டு வரட்டும்.”

“அப்போ பேரச் சொல்லு.”

“அதெப்படீங்க சொல்றது? கட்டுனவரு பேராச்சே!”

விஷயம் இதுதான். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனான அவள் புருஷன் சென்னிமலைக்குச் சைகோனில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருந்தது. சைகோன் பிரெஞ்சுக்காரன் சீமை. அங்கே தெருவெல்லாம் கரண்டு விளக்காம். பொழுது விழுந்தாலும் இருட்டே கிடையாதாம். மழை தப்பி, போட்ட சோளமெல்லாம் கருகிக் கிடந்த வருஷத்தில் அந்த வேலை அவனுக்குச் சாமி கொடுத்த வரம். ஐந்து வருஷ ஒப்பந்தம். தை மாதக் கப்பலில் ஏறாவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அதில் பிரெஞ்சுக்காரன் விசா முத்திரை குத்த வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் போலீஸ் விசாரணை நடக்க வேண்டும். ஆள்மாறாட்டம் ஆகிவிடக் கூடாதென்று விசாரணைக் காகிதத்தில் பேருக்கான இடத்தைச் சர்க்கார் காலியாகவே அனுப்பும். கல்யாணமானவன் என்றால் பெண்சாதிதான் தன் வாயால் புருஷன் பேரைச் சொல்லி, அவன் போகத் தனக்குச் சம்மதம் என்றும் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. இப்படி ஒரு சட்டம் போட்ட புண்ணியவான் நிச்சயமாக நம் பக்கத்தில் பெண் எடுத்தவனல்ல.

சென்னிமலை அன்றைக்குப் பார்த்துப் பெட்டி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான். ஏட்டையாவோ உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“சரி, ஜாடையாவது காட்டித் தொலை.”

“முருகஞ் சாமி குடியிருக்கற மலைங்க.”

“இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

‘பழனிமலை’ என்று எழுதிக்கொண்டு, அவள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, ஏட்டையா போய்ச் சேர்ந்தார்.

காகிதம் தாலுகா கச்சேரிக்குப் போனது. ‘பேர் பொருந்தவில்லை, மறுபடி விசாரிக்கவும்’ என்று திரும்பி வந்தது. சென்னிமலை தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஏம்புள்ள, என்ற பேர ஒருக்காச் சொன்னா வாய் வெந்தா போயிரும்?”

“என்ற வாய் வெந்தாப் பரவால்லீங் மாமா. பேரச் சொன்னாக் கட்டுனவருக்கு ஆயுசு கொறையுமாமில்லீங்க? நீங்க கடல்ல போறவரு. நடுக்கடல்ல ஒண்ணுன்னா நான் ஆருகிட்டப் போயி அழுவேன்?”

பேசிக்கொண்டே அவள் கப்பலில் தின்பதற்கென்று முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்டவளை என்னவென்று கோபித்துக்கொள்வது?

“செரி, பேரச் சொல்ல வேண்டாம். அவரு பழனின்னாருன்னா, ‘இல்லீங்க, ஈரோட்டுப் பக்கம்’னு மட்டும் சொல்லு. புரிஞ்சுக்குவாரு.”

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். சென்னிமலை என்கிற மலை ஈரோட்டுப் பக்கம்தான் இருக்கிறது. மேலே முருகனும் இருக்கிறார். ஆனால் ஏட்டையாவும் இருக்கிறாரே! வந்தவர் சென்னிமலையைப் பார்த்ததுமே, “நீ வாயத் திறக்கப்படாது. திறந்தா விசாரணை கெட்டுப்போயிடும்” என்று அவனை மாட்டுக் கட்டுத்தரைக்கு அப்பால் விரட்டிவிட்டார்.

“பழனி இல்லையாமே?”

“இல்லீங்க. ஈரோட்டுப் பக்கமுங்க.”

“ஈரோட்டுப் பக்கம் மலை... மலை மேல முருகன்...” ஏட்டையா பென்சிலைக் கடித்தார். முகம் மலர்ந்தது. “அட, நம்ம திருச்செங்கோடு!”

பாப்பாயி வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ‘செங்கோட்டுவேலன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு ஏட்டையா சைக்கிளில் ஏறினார். விஷயம் தெரிந்து சென்னிமலை பின்னாலேயே ஓடிப் போட்ட கூச்சலை அவர் சட்டப்படி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கச்சேரியில் குமாஸ்தா காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சென்னிமலையை மேலும் கீழும் பார்த்தார்.

“சென்னிமலை, பழனிமலை, செங்கோட்டுவேலன். ஏன்யா, ஒரு பொம்பளைக்கு மூணு புருஷனா? இன்னும் ரெண்டு பேர் வந்தா பாரதமே நடத்திடலாம் போலிருக்கே!”

கச்சேரியே சிரித்தது. சென்னிமலைக்கு மானம் போயிற்று. மார்கழி வேறு பிறந்துவிட்டது. தாசில்தார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு மனுக் கொடுத்தான்.

“அந்த அம்மாளை நேர்ல அழைச்சிண்டு வா. என் முன்னாடி சொல்லட்டும். ஒரு நிமிஷத்து வேலை” என்றார் தாசில்தார்.

பண்ணையத்து ஆள் அம்மாசி வண்டி கட்டினான். போனார்கள்.

தாசில்தார் நயமாகத்தான் பேசினார். “நான் எடுத்துக் கொடுத்தாச் செல்லாதும்மா. நீ தலையாட்டினாலும் செல்லாது. தலையாட்டறதைக் காகிதத்துல எப்படி எழுதறது? வாயத் திறந்து ஒரே ஒரு தடவை சொல்லிடு.”

“சாமி, நீங்க படிச்சவங்க. உங்க ஊட்டு அம்மா உங்க பேரச் சொல்லுவாங்களா?”

தாசில்தார் திகைத்துப்போனார். கல்யாணமான நாளாய் அவர் மனைவி அவரை ‘இதோ பாருங்கோ’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லி அழைத்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சர்க்கார் சட்டம்மா. ராஜாவே கேக்கறதா வெச்சுக்கோ.”

“ராசாவே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டனுங்க. வேணும்னா உசுர எடுத்துக்கச் சொல்லுங்க.”

பாரதம் பேசிய குமாஸ்தா தன்னை அறியாமல் எழுந்து நின்றார். தாசில்தார் கை தானாகக் குவிந்தது. “அம்மா, நீ போயிட்டு வா. துரைக்கு எழுதறேன்” என்று மட்டும் சொன்னார்.

வண்டி ஊர் வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அடேயப்பா, அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வந்த கூட்டம்! சர்க்காரையே எதிர்த்து நின்ற பத்தினி என்று சுற்றுப்பட்டுப் பெண்களெல்லாம் வந்து பாப்பாயி கையால் குங்குமம் வாங்கிப் போனார்கள். புதுப் பெண்களை அவள் காலில் விழ வைத்தார்கள். எவருக்கும் எழுந்து நிற்காத மணியக்காரர், அவள் தண்ணீர்க் குடத்தோடு போனபோது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

சென்னிமலைக்கே அவள் எதிரில் காலை நீட்டி உட்காரக் கூச்சமாக இருந்தது. சோறு கேட்கக்கூடக் குரலைத் தாழ்த்தினான். சைகோனை நினைத்தால் வயிறு எரிந்தது. அவளைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினான்.

கடைசி வழி துரைதான். சப்கலெக்டர் துரை குதிரைச் சவாரி முடித்து வந்து பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் இங்கிலீஷில் கேட்பதைத் தாசில்தார் தமிழில் சொன்னார்.

“துரை கேட்டா ராஜாவே கேட்ட மாதிரிம்மா. உன் புருஷன் பேரென்ன?”

“ராசாவோட பொண்டாட்டி ராசாவைப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்களான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க சாமி.”

தாசில்தார் தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை பதிலுக்கு வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து துரைசானியின் குரல் வந்தது.

“ஹென்றி! ஏய், ஹென்றி!”

துரையின் முகம் செக்கச் சிவந்தது. உள்ளே பார்த்தார். பாப்பாயியைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரத் துரை ஒரு குடியானவப் பெண்ணுக்கு எதிரில் தொப்பியைக் கழற்றி நின்றதை அந்த வராந்தா அதற்கு முன் கண்டதில்லை. பங்கா விசிறியை இழுத்துக்கொண்டிருந்தவன் கயிற்றை விட்டுவிட்டான்.

துரை ஏதோ சொன்னார். தாசில்தார் அதைத் தமிழில் சொன்னார்.

“‘எங்க தேசத்துல இப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இவளைத் தனியா விட்டுட்டு அஞ்சு வருஷம் போக நினைக்கிறவன் முட்டாள். மனு தள்ளுபடி’ன்னு துரை சொல்றார்.”

தை பிறந்தது. சைகோன் கப்பல் சென்னிமலை இல்லாமலேயே போயிற்று. துக்கம் இல்லாமலில்லை; இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் துரையே தொப்பியைக் கழற்றிய பெண்ணோடு குடும்பம் நடத்துகிறோம் என்ற பிரமிப்பில் அந்தத் துக்கம் கரைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் விடிகாலையில் கிணற்றடிக்குப் போனான். அம்மாசி காளைகளைப் பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். யாரிடமாவது மனசைக் கொட்ட வேண்டும் போலிருந்தது சென்னிமலைக்கு.

“சைகோன் போனாப் போகுது, அம்மாசி. கரண்டு வெளக்கை எவன் வேணாப் பாக்கலாம். இப்படியொருத்தி ஊட்டுல இருக்கற பாக்கியம் எவனுக்குக் கெடைக்கும்? தொரையே கேட்டும் என்ற பேரு அவ வாயில வரலையே! நெனச்சாலே மேலெல்லாம் புல்லரிக்குது.”

அம்மாசி காளைகளை நிறுத்தினான். பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு சங்கடமாக அவனைப் பார்த்தான்.

“கோவிச்சுக்காதீங்க சாமி, நீங்க டவுனுக்குப் போற அன்னைக்கெல்லாம் அம்மிணிதானுங்களே கவலை ஓட்டுறாங்க? இந்தச் செவலைக் காளை கொஞ்சம் அக்கட்டால நகர்ந்தாப் போதுமுங்க, ‘என்னைய உட்டுப்போட்டு எங்கடா போயிருவே, சென்னிமலை!’ன்னு சாட்டைல ரெண்டு வெச்சுத்தானுங்களே திருப்பறாங்க!”