இன்னும் காயாத பச்சை

மதிப்புக்குரிய மதுரன் சேர் அவர்களுக்கு,

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிலக்ஷி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, மூடுபனி மூவரும் சுகம். கொழும்பில் நீங்களும் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் பஸ் ஏறிய அன்று நான் "போயிட்டு வாங்க அத்தான்" என்று சொல்லவில்லை. "சரிங்க சேர்" என்றேன். "எப்ப வருவீங்க" என்றும் கேட்கவில்லை. தாய்மாமன் மகனை யாராவது சேர் என்பார்களா என்று அம்மா இன்றும் திட்டுகிறார். நான் என்ன செய்ய? கம்பியூட்டர் வகுப்பு தொடங்கிய நாளில் நீங்கள்தான், "கிளாஸ்ல எல்லாருக்கும் நான் சேர்தான்" என்றீர்கள். வகுப்பு முடிந்துவிட்டது. சேர் முடிந்துவிட்டது என்று யாரும் எனக்கு அறிவிக்கவில்லை.

உங்கள் பழைய லெப்டொப்பை என்னிடம் தந்து, "பார்த்துக்க, வந்து எடுத்துக்கிறேன்" என்றீர்கள். பார்த்துக்கொண்டேன். இப்போது, ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பர் விஜிதரன் வந்து அதை எடுத்துப்போவார், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் இந்தக் கடிதம். விஷயம் சுருக்கமானது: லெப்டொப்பை அனுப்ப முடியாது. பெயின்ட் காயவில்லை.

கீறல் விழுந்த மூடியோடு எப்படி அனுப்புவது என்றுதான் ஆரம்பித்தேன். நீங்கள் காம்பஸ் முனையால் கீறி வைத்த "ம" எழுத்தின் மேல் மட்டும் டேப் ஒட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, திரையையும் கீபோர்டையும் பேப்பரால் சுற்றி, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தியில் வைத்து ஸ்ப்ரே அடித்தேன். டின்னின் மூடி நீலம். உள்ளே இருந்ததோ பச்சை, அதுவும் தோட்டத்தில் எல்லா லயத்துக் கதவுக்கும் அடித்திருக்கிற அதே பச்சை. காற்று வேறு திரும்பியதில் பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அக்காவின் வெள்ளைக் கோழியும் கொஞ்சம் கதவாகிவிட்டது. அம்மா வந்து பார்த்து, "யாருடி கதவை ஒடைச்சது?" என்றார். பனியில் காயாது என்று அடுப்புக்கு மேலே தூக்கி வைத்தால் அங்கே ஏற்கெனவே கருவாடு இருந்தது. மணம் தாங்காமல் அப்பா அதை ஃபெக்டரிக்குக் கொண்டுபோய், கொழுந்து வாட்டுகிற மாடியில், சூடான காற்று வருகிற பக்கமாக வைத்தார். காற்றோடு தேயிலைத் தூசும் வந்து ஈரப் பெயின்டில் அப்பிக்கொண்டது. ரவுண்ட் வந்த டீமேக்கர் ஐயா, "என்ன வீரய்யா, இது புதுக் கிரேட் தேயிலையா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா உள்ளதைத்தான் சொன்னார்: "மருமகனோட லெப்டொப்புங்க ஐயா." மச்சான் மகனை வேறு என்ன சொல்வார்? "மகளுக்குக் கலியாணம் முடிஞ்சிருச்சா? ஒரு வார்த்தை சொல்லலயே" என்று ஐயா கேட்டது மெஷின் சத்தத்தில் அப்பாவுக்கு விளங்கவில்லை. அதனால் மரியாதையாக, "ஆமாங்க" என்றுவிட்டார்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் தோட்டம் முழுக்கச் செய்தி. அம்மாக்கண்ணு அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டாராம்: "ஏன் மீனம்மா, சோறு போடணும்னு பயந்தா மூடி மறைச்ச? என் கோழியைப் பச்சையாக்குனதுதான் கலியாணச் சடங்கா?" இந்தக் கதையை நான் உடனே மறுத்திருக்க வேண்டும். பெயின்ட் வேலையில் நேரம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் உங்களுடையது என்று மிஞ்சியிருப்பது இந்த லெப்டொப் ஒன்றுதான். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் இதைப் பற்றி மட்டும்தான். ஆகவே, பெயின்ட் காயும்வரை பொறுத்திருந்து நீங்களே வந்து எடுத்துக்கொள்வதே முறை. இங்கே எப்போது வெயில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவசரமில்லை.

தோட்டத்து மாரியம்மன் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி
நிலக்ஷி

பி.கு.: அத்தான், அந்த மாடியில் ஈரக் கொழுந்தே ஒரு இரவில் வாடிவிடும்; பெயின்ட் எந்த மூலைக்கு. மறுநாளே காய்ந்துவிட்டது.

இன்று காலை விஜிதரன் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "காஞ்சு எவ்வளவோ நாளாச்சுங்க தம்பி" என்று லெப்டொப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். டேப்பை நான்தான் உரித்தேன். எழுத்து அப்படியே இருந்தது. டீ குடித்துவிட்டு எழுந்தவர், "மதுரன்கிட்ட ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

லெப்டொப் பத்து மணி பஸ்ஸில் போனது. கடிதம் என்னிடம் இருக்கிறது.