லிஃப்டுக்குள் இருந்தவனும் வந்தவன்தானே, அத்தை

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருப்பதை உங்கள் மகளின் வக்கீல் வாயிலாக அறிந்து மகிழ்ந்தேன். என்னுடைய நலம் குடும்ப நீதிமன்றத்தின் பரிசீலனையில் இருப்பதால் அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

உங்கள் மகள் வீட்டைவிட்டுப் போன நாளன்று எங்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை போடுவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதைத்தான் நான் நிம்மதி என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு பாதியாக இருந்தது. உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல முடியாது அத்தை. கரண்டியில் பாதி, தலையணையில் பாதி, துண்டில் பாதி, குளிக்கிற சோப்பைக்கூட நறுக்கி எனக்கொரு துண்டு வைத்திருந்தாள். இவ்வளவு நியாயம் பார்த்தவள் உங்கள் பேத்தி, நம் வாலுவை மட்டும் முழுசாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

என் வக்கீலிடம், “அப்பனுக்கு உரிமை இல்லையா சார்?” என்று கேட்டேன். “உரிமை இருக்கு. ஆனா பிள்ளை யாரு கையில இருக்கோ, காத்து அந்தப் பக்கம்தான் அடிக்கும். கோர்ட்டு சொல்ற நேரத்துக்குப் போய் நில்லுங்க. ஒரு தடவை தவறினாலும் அக்கறை இல்லாத அப்பான்னு எழுதிடுவாங்க” என்றார். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், நீதிமன்றத்தின் நாலாவது மாடியில், அதிகாரி அம்மாவின் கண் எதிரே. பெற்ற மகளைப் பார்க்க எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கலர் பென்சில் டப்பாவோடு போனேன். படியேறியிருக்கலாம். வேர்வையோடு போய் நின்றால் பிள்ளை முகம் சுளிக்குமே என்று லிஃப்டில் ஏறினேன், அங்கேதான் சனி பிடித்தது. காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான்; அது இழுத்த இழுப்பிலேயே பாதியில் நிற்கும் என்று தெரிந்துவிட்டது, தெரிந்து என்ன செய்ய, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டால் மெக்கானிக்கும் ஒன்றுதான், மந்திரியும் ஒன்றுதான். அவசர எண்ணை அழுத்தினால் எங்கள் கம்பெனிப் பெண்தான் எடுத்தாள். “பதட்டப்படாதீங்க சார். அந்த ஏரியா மெக்கானிக் இன்னைக்கு லீவு. வேற ஆளை அனுப்புறோம்” என்றாள். “அந்த லீவு போட்ட ஆளே நான்தாம்மா” என்றேன்.

அன்று வாலுவை நாலாவது மாடிக்கு அழைத்து வந்திருந்தது நீங்கள்தான்; நான் கதவைத் தட்டிய சத்தம் கேட்டுத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் வந்தீர்கள். அவள் குரல் மேலேயிருந்து வந்தது.

“அப்பா, நீ மேல இருக்கியா, கீழ இருக்கியா?”

“நடுவுல இருக்கேன் கண்ணு.”

“உள்ள இருட்டா? பயந்தா பாட்டு பாடு. நானும் பாடுறேன்.”

பாடினோம். பல் விழுந்த கதை சொன்னாள், புதுப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதியைப் பற்றிச் சொன்னாள், “அந்த வீட்டுல உன் சத்தமே இல்லப்பா” என்றும் சொன்னாள். உங்கள் எதிரில் அழக் கூடாது என்றிருந்தேன். அந்தக் கதவு நல்ல கதவு, அத்தை.

கதவு திறந்தபோது நேரம் முடிந்து வாலு போய்விட்டாள். அதிகாரி அம்மா “தந்தை வரவில்லை” என்று எழுதிவிட்டார். “மேடம், இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருந்தேன்” என்றேன். “ரூமுக்குள்ள வந்தாத்தான் வந்த கணக்கு” என்றார். அதைக் காட்டி அந்த ஒரு மணி நேரத்தையும் ரத்து செய்யச் சொல்லி வரும் திங்கட்கிழமை உங்கள் மகளின் வக்கீல் கேட்கப் போகிறாராம். நான் பேசியதைக் கேட்ட பெரியவர் நீங்கள் ஒருவர்தான். எனக்குப் பெண் கொடுக்க உங்களுக்கு அன்றும் மனசில்லை, இன்றும் இருக்காது. எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். கேட்டதைக் கேட்டேன் என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.

வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கள் நீண்ட ஆயுளோடு, சாய்வு இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் தங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். உங்கள் மகள் நிற்கிறாள். தோளில் வாலு, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக வந்திருக்கிறாள். “இன்னைக்குச் சனிக்கிழமை இல்லையே” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “காய்ச்சலுக்குக் கிழமை தெரியுமா? பிடிங்க. தனியாப் பார்க்க முடியல. அம்மாவைக் கூப்பிட்டா, ‘அன்னைக்கு லிஃப்டுக்குள்ள இருந்து பாடினானே, அவன்கிட்ட தூக்கிட்டுப் போ’ன்னாங்க” என்றாள். மருந்து கொடுத்து வாலுவைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பினால், உங்கள் மகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். சமாதானம் என்று எண்ணிவிடாதீர்கள். எழுந்ததும் என்ன சொல்வாளோ. மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். பேத்தியைப் பார்க்க வருவதென்றால் வாருங்கள். மணியை மட்டும் அடிக்காதீர்கள்.