ஷோரூம் மணியும் வாரண்டி பாயும்

இந்த நாட்டில் கார் தயாரிப்பவர்கள் அஞ்ச வேண்டிய மனிதர் ஒருவரே. அவர் கரையான்சாவடியில் சீட் கவர் தைக்கிறார்.

கோவில்பதாகையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அவருடைய இயற்பெயர் எவருக்கும் தெரியாது. ‘வாரண்டி பாய்’ என்றால் தெரியும். வாரண்டி உள்ள கார் நின்றுபோனால் அதைச் செய்தவனே வர வேண்டும், வேறு எவர் கையும் படலாகாது என்பது அவர் கொள்கை. ஒருமுறை குமணன்சாவடி சிக்னலில் அவர் கார் நின்றது. போக்குவரத்துக் காவலரே தள்ளிவிட முன்வந்தார்.

“கைய எடு நைனா! நீயா செஞ்சே? செஞ்சவன் வந்து தள்ளட்டும்!”

பானெட்டின்மேல் துண்டை விரித்து அமர்ந்துவிட்டார். பின்னால் நின்ற பேருந்தில் நானும் இருந்தேன். கல்லூரியில் பொருளியல் போதித்து ஓய்வுபெற்றவன், தெருவில் குரல் உயர்த்தி அறியாதவன். முகத்தை மறைத்தபடி இறங்கி நடந்தேன்.

அதே நிறுவனத்தின் காரை நானும் வாங்கியது விதி. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கதவளவு அட்டைச் சாவியை என் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஷோரூம் நடுவில் தொங்கும் பித்தளை மணியை அடித்தார்கள்; ஊழியர் அனைவரும் கைதட்டினார்கள். இரண்டாம் மாதம் அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் கார் நின்றது. பிறகு வாரந்தோறும் நின்றது. ஒவ்வொரு முறையும் சர்வீசில் அதைப் பளபளவென்று கழுவித் தந்தார்கள்.

ஐந்தாம் முறை ஜாப் கார்டு என்னும் சர்வீஸ் சீட்டில் எழுதியிருந்தது: ‘ஓட்டுநர் தவறு. வாரண்டி பொருந்தாது.’ நாற்பதாண்டுகள் ஒரு கீறலின்றி ஓட்டியவன் நான்! எனக்குக் கார் ஓட்டத் தெரியாதென்று நானே கையெழுத்திட வேண்டுமாம்.

பேனாவை நீட்டிக்கொண்டு மேலாளர் நிற்கையில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய் நுழைந்தார். எங்கள் தெருவிலிருந்து என் கார் கட்டியிழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்துப் பின்தொடர்ந்திருக்கிறார். தோளில், அவர் கார் வாங்கிய அன்று கொடுத்த அட்டைச் சாவி; வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

“சார், இவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்றார் மேலாளர்.

“தெரியாது” என்றேன்.

பாய் காதிலும் அது விழுந்தது. ஆனாலும் நேராகப் போய் மணிக்கயிற்றை இழுத்தார். மணி கணீரென்றது. பழக்கதோஷம், ஊழியர் அத்தனை பேரும் கைதட்டினார்கள்!

“தட்னீங்கல்ல? வண்டி குடுக்க சொல்லோ மணி அடிச்சீங்க, போட்டோ புட்சீங்க. இப்போ செத்துக் கெடக்குது, வாங்க, அத்தோடயும் ஒரு போட்டோ புடிங்க! வித்ததோட வேலை முட்ஞ்சிதா?”

“டிரைவர் தப்புங்க...” என்றார் மேலாளர்.

“யாரு, இவரா? ரோட்ல நாய் தூங்கினா ஆரன் அடிக்க மாட்டாரு. அது எழுந்து போற வரிக்கும் நிப்பாட்டிக்கினு கீறாரு. இவரு தப்பா ஓட்டுவாரா? இத்த எழுதுனவன் பானெட்ட தொறந்து பாத்தானா?”

அன்று புதுக்கார் எடுக்க வந்திருந்த ஒருவர், தம் கையிலிருந்த அட்டைச் சாவியை மேசைமேல் வைத்தார். “மொதல்ல சார் வண்டியப் பாருங்க. அப்புறம் நான் எடுத்துக்கறேன்.”

அதன்பிறகே பானெட் திறந்தது. அரைமணி நேரத்தில் எரிபொருள் பம்பே பழுது என்று கண்டார்கள். பழைய கார்டைக் கிழித்து, ‘தயாரிப்புக் குறை, பம்பு மாற்றித் தரப்படும்’ என்று புதிதாக எழுதினார்கள்.

“இதுல கூட வந்தவர் என்ன உறவுன்னு எழுதணும் சார். இவர் யாரு?” என்றார் மேலாளர்.

“என் தம்பி” என்றேன்.

வாரண்டி பாய் அட்டைச் சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டார். “இன்னா சார், அப்போ அண்ணாத்தேன்னு கூப்புடலாமா?”

“கூப்பிடலாம். தெருவில் உரக்க வேண்டாம்.”

தினமும் காலையில் தெருமுனையிலிருந்தே உரக்கத்தான் கூப்பிடுகிறார். ஒருநாள் அந்தக் குரல் தாமதமானாலும் நான் சன்னலைத் திறந்து பார்க்கிறேன்.