ஜனவரி வரை ஒரு சண்டை

"இன்னைக்கு மட்டும் குட்டி போட்டுடாதே, தாயே" என்று செப்பெஷிப் பிரபு தன் குதிரையின் முன்னால் கைகூப்பாத குறையாக நின்றார். தேதி டிசம்பர் முப்பத்தொன்று.

பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்தாலும், கணக்குக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். இன்று பிறக்கும் குட்டிக்கு நாளை விடிந்தால் ஒரு வயது. பிறகு ஆயுசுக்கும் தன்னைவிட மூத்த முரடர்களோடுதான் ஓட வேண்டும். ஹங்கேரியில் மாளிகை போய், நிலம் போய், பிரபு இங்கிலாந்தின் பந்தய ஊரான நியூமார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது திஸா என்ற இந்த ஒரு குதிரையைத்தான். அதன் குட்டி டெர்பி பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு அவர் வெறும் வாய்ச்சொல் வீரர்.

காலையில் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது மனைவி எதெல்காதான் அதைக் கவனித்தாள். திரும்பி வந்தவரிடம் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: திஸாவுக்கு மடி கனத்துவிட்டது, நிலைகொள்ளாமல் தவிக்கிறது, இன்றைய பொழுது தாண்டாது.

பிரபு முதலில் வீட்டையே ஊமையாக்கினார். சமையலறையில் ஒரு பாத்திரம் உருளக்கூடாது. அந்த நிம்மதியில் திஸா வைக்கோலில் சொகுசாகப் படுத்துவிட்டது. குதிரைக்காரர் ஹாகெட் தலையைச் சொறிந்தார்.

"அமைதியா விட்டா சீக்கிரம் போட்டுடும் ஐயா. யாராவது தொந்தரவு பண்ணினாத்தான் அடக்கி வச்சுக்கும்."

உடனே தகர டப்பா தட்டினார்கள். குதிரை கொட்டாவி விட்டது. பிரபு தன் பிடிலை எடுத்து வாசித்தார். அது கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. அவருக்கு உள்ளூரப் பெருமை, வெளியே கிலி.

அப்போது எதெல்கா வந்தாள். "உங்க பிடிலுக்கு லாயத்துலகூட இடம் இருக்கு. என் பியானோவுக்குத்தான் வீட்டுக்குள்ள இடமில்லை" என்றாள். அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தினார். திஸா சட்டென்று எழுந்து நின்று காதுகளை விடைத்துக்கொண்டது.

"அம்மா, நிறுத்திடாதீங்க" என்றார் ஹாகெட்.

நிறுத்துவதாவது. கல்யாண விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் குதிரை பார்க்கப் போனதிலிருந்து அவள் ஆரம்பித்தாள். பியானோ அறையில் சேணங்களை மாட்டியது, வேட்டை நாய்களைச் சோபாவில் படுக்கவிட்டது என்று வரிசையாக வந்தன. பிரபுவும் சளைக்காமல் மறுத்துப் பேசினார். ஆனால் இருட்டுவதற்குள் அவள் ஓய்ந்துபோனாள். குதிரை முன்னங்காலை மடக்கியது.

"எதெல்கா, என் கண்ணுல்ல, இன்னும் கொஞ்சம் திட்டேன்."

உலகத்தில் எந்தக் கணவனும் இதற்காகக் கெஞ்சியிருக்க மாட்டான்.

"சும்மா எப்படித் திட்டறது? சேணத்தை எல்லாம் எடுத்துட்டு பியானோவைப் போடறேன்னு சொல்லுங்க, உங்க அக்காவைப் பத்தி ஆரம்பிக்கிறேன்."

ஒத்துக்கொண்டார். அக்கா தீர்ந்தாள். நாய்களைக் கொட்டகைக்கு அனுப்பச் சம்மதித்த பிறகு அவருடைய மீசை பேச்சுக்கு வந்தது. மீசையும் தீர்ந்ததும் அவள் எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, வசந்தத்தில் நீஸ் நகரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். பந்தய சீசனிலா என்று பிரபு முனகினார். திஸா படுத்தது. பிரபு சத்தியமே செய்துகொடுத்தார்.

புத்தாண்டு விடிந்தது. திஸா பெருத்த வயிறு பெருத்தபடி நின்று காய்ந்த புல்லை மென்றுகொண்டிருந்தது. பிரபு ஹாகெட்டைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று ஆடினார். டெர்பி கோப்பை கைக்கு வந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. வீட்டுக்குள்ளிருந்து பியானோ சத்தம் அதைவிடச் சந்தோஷமாக வந்துகொண்டிருந்தது.

வாழ்த்துச் சொல்ல வந்த குதிரை டாக்டர் பார்க்கினிடம், பிரசவ வலியையே ராத்திரி முழுக்கச் சண்டை போட்டுத் தடுத்த வீரக்கதையைப் பிரபு கட்டிய தொண்டையோடு சொல்லி முடித்தார். டாக்டர் திஸாவின் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து ஏது ஐயா வலி? நீங்க முடிவெட்டப் போயிருந்தப்ப வந்து பார்த்தேனே. குட்டி போட இன்னும் மூணு வாரம் ஆகும்னு உங்க வீட்டம்மாகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டுத்தானே போனேன்!"