ஏழாவது இன்னிங்ஸில் நான் வாய் திறந்தது

எல்டர் க்ரீக், ஓஹாயோ
ஜூலை 14

அன்புள்ள அக்கா ஹென்ரியேட்டாவுக்கு, தம்பி ஆல்டன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பூனையும் நலம். உன் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் நன்றி. பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு வீட்டில் அறை தருவோர் பட்டியலில், என்னைக் கேட்காமலே என் பெயரைச் சேர்த்தாயே, அதற்கு. முரட்டுப் பையன் ஒருவன் வருவான் என்று நடுங்கினேன், வந்தவள் டெலியா. சம்பளத்துக்கு ஆடும் நம் ஊர் ஆண்கள் அணியில் பிட்சராக, அதாவது பந்து வீச, வந்த முதல் பெண். அணியில் எல்லாரும் அவளை மரியாதையாகத்தான் நடத்தினார்கள், விருந்தாளியைப் போல. "அதுதான் சார் பிரச்சினை. என்னைத் திட்டக்கூட மாட்டேங்கறாங்க," என்பாள், முட்டையைக் கிளறிக்கொண்டே.

சனிக்கிழமை மதியம் ஆட்டத்துக்குப் போனேன். மொத்தம் ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ்வரை எதிரணியில் ஒருவன்கூட அவள் பந்தை அடித்து ஓடவில்லை. ஆனால் அவளோ பெஞ்சின் ஓரத்தில் தனியாக இருக்கிறாள், மற்றவர்கள் மறுகோடியில் நெருக்கியடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாற்பது வருடம் லத்தீன் கற்பித்தவன் நான். ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளையைப் பார்த்தால் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கையில் சீஸ் ரொட்டியோடு மைதானத்துக் கம்பிவேலிவரை இறங்கிப்போய்க் கத்தினேன்: "டெலியா, அவங்க பேசாட்டிப் போறாங்க! இதுவரைக்கும் ஒருத்தனும் உன் பந்தை அடிக்கலைம்மா!"

பெஞ்சே எழுந்துவிட்டது. அவள் வீசும் பந்தைப் பிடிக்கிற ராமிரோ முகக்கவசத்தைத் தரையில் அறைந்தான்.

"யோவ் பெரியவரே! ஒருத்தனும் அடிக்காம ஆட்டம் போகும்போது பிட்சர்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது, ராசி போயிடும்! அதை வாயால வேற சொல்லுவீரா? எங்க பிட்சரைக் கெடுத்துட்டீரே!"

"டேய், அவரை விடுங்கடா," என்றாள் டெலியா.

"நீ வாயை மூடு! உனக்கு அறை குடுத்த பெரியவரைக் கட்டிப்போட்டுட்டு வரத் தெரியாதா உனக்கு?"

அடுத்த இன்னிங்ஸில் வந்த முதல் ஆளே அடித்துவிட்டான். மூன்றாவது தளத்தைக் காத்து நின்ற நம் ஆள் கைக்கு அடியில் பந்து ஓடியது. ஆட்டத்தில் ஜெயித்தோம்; ஆனாலும் அத்தனை பேரும் அவளை வண்டிவரை திட்டிக்கொண்டே வந்தார்கள். அவளோ வீடுவரை சிரித்தாள். "சார், இன்னைக்கு எவ்ளோ திட்டு வாங்கினேன்!"

இந்தப் பருவம் முடியும்வரை நான் மைதானத்துக்கு வரக்கூடாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதி. எல்லாம் உன்னால் வந்தது அக்கா; நீ நூறாண்டு இரு.

உன் தம்பி,
ஆல்டன்

பின்குறிப்பு: எட்டாவது இன்னிங்ஸில் போன அந்தப் பந்து அடிக்கணக்கில் வராது, மூன்றாவது தளத்துக்காரன் கைதவறியதுதான் என்று ஸ்கோர் எழுதுபவர் இன்று மாற்றிவிட்டார். ஆக, அன்று முழுக்க அவள் பந்தை ஒருவரும் அடிக்கவில்லை என்றே கணக்கு. இப்போது ராமிரோ என் வாசலில் நிற்கிறான். இனி அவள் வீசும் ஒவ்வொரு ஆட்டத்திலும், ஏழாவது இன்னிங்ஸில், அதே ரொட்டியோடு நான் அதையே கத்த வேண்டுமாம்; அதுதான் இப்போது ராசியாம். அன்று வைத்தது எந்தச் சீஸ் என்று எனக்கு நினைவில்லை. மேலே சொன்ன நன்றியைத் தயவுசெய்து பாதியாகக் குறைத்துப் படித்துக்கொள்.