வட்டக் கண்ணாடி

தியாகி ஆவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நானும் டாக்டர், என் மனைவியும் டாக்டர். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். சேர்ந்துவிட்டால் வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வந்து போக முடியும். மூன்று வயதுப் பாப்பாவை வைத்துக்கொண்டு இருவரும் விருந்தாளியாக முடியாது. ஒருவர்தான்.

எனக்கு இதய அறுவை என்றால் உயிர். பயிற்சிக் காலத்தில் அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஆறு வாரம், அறுத்த இடம் மூடிக்கொள்ளாமல் கொக்கி பிடித்து நின்றிருக்கிறேன். திறந்த மார்புக்குள் இதயம் துடிப்பதைப் பார்த்தவன், அப்புறம் இருமலுக்கு மருந்து எழுதினால் கைதான் எழுதும். மனசு அங்கேயே நிற்கும்.

காதல் வந்ததும் அங்கேதான். தியேட்டர் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்கு வெளியே தினமும் ஒரு முகம், கண் கொட்டாமல், அத்தனை ஏக்கத்தோடு! அந்த முகத்தைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

திட்டம் சுலபம். ‘நீ படி’ என்பேன். ‘ஐயோ, நீங்க படிங்க’ என்பாள். கடைசிப் பழத்துண்டைக்கூட என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறவள், வேறென்ன சொல்லப் போகிறாள்?

பாப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையைக் கனைத்தேன்.

“இந்த வருஷம் நீயே சேர்ந்து படிம்மா. பாப்பாவை நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க.”

தூக்கிவாரிப் போட்டது.

“அவசரப்படாதே. நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுப் போன மாசமே விண்ணப்பம் அனுப்பிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“நீங்களா விட்டுக்கொடுத்ததா இருக்கட்டுமேன்னு காத்திருந்தேன். நாலு பேர்கிட்ட சொல்லிக்க உங்களுக்கும் நல்லா இருக்குமில்ல?”

“சரி, போகட்டும். குழந்தை மருத்துவம்தானே?”

“இதய அறுவை.”

மடித்த சட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரிங்க, கசங்குது.”

“உனக்கு அதுமேல எப்போலேர்ந்து ஆசை?”

அவள் கை நின்றது. குரல் இறங்கியது. “அந்தப் பிரிவு உங்களுக்குக் கிடைச்சது, எனக்குக் கிடைக்கல. ஆறு வாரமும் கதவுக்கு வெளியில நின்னு பார்த்தேனே, ஞாபகம் இல்லையா?”

“அது... என்னைத்தானே பாத்துக்கிட்டிருந்தே?”

“உங்களை எங்க பார்த்தேன்? நீங்கதான் மறைச்சுக்கிட்டே நின்னீங்க!”